கைராசி எங்கே இருக்கிறது?

"கைராசி" என்று ஒரு சொல் நம் ஜனங்களிடையே உண்டு. புதுக்கோட்டைச் சீமையில் ஆலங்குடிப் பக்கம் போனாலும் சரி, அறந்தாங்கிப் பக்கம் போனாலும் சரி, இந்தச் சொல்லைக் கேட்காமல் திரும்ப முடியாது. "அந்த நர்சம்மா கைராசிக்காரி. அவள் தொட்டால் போதும், தாயும் பிள்ளையும் சுகமாக வீடு வந்து சேர்ந்துவிடும்" என்பார்கள். இன்னொருவரைப் பற்றிப் பேச்சு வந்தால், "கெட்டிக்காரிதான், ஆனாலும் கைராசி போதாது" என்று குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள்.

கைராசி என்பது மூட நம்பிக்கையா, உண்மையா? "உண்மைதான்" என்று சொன்னால் வாசகர்கள் சிரிக்கக் கூடாது. ஒருவர் தொட்டால் நோயாளி பிழைப்பதும், இன்னொருவர் தொட்டால் காய்ச்சல் காண்பதும் மெய்யாகவே நடந்திருக்கிறது. எண்ணிப் பார்த்துக் கணக்கும் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்த ராசி கை ரேகையில் இல்லை. பிறந்த நட்சத்திரத்திலும் இல்லை. அது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்த கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறோம்.

நம் ஊருக்கு ஏன் இந்தக் கதை?

ஒரு காலத்தில் பிரசவம் என்றால் வீட்டின் உள்ளறைதான். மருத்துவச்சி வருவாள். அவளுடைய கையும், அவள் கொண்டு வரும் கத்தியும்தான் தாய்க்கும் சேய்க்கும் விதி. தொப்புள்கொடியை எதைக் கொண்டோ அறுத்து, அதன்மேல் சாம்பலைப் பூசி, ஏழெட்டு நாளில் இரண ஜன்னி கண்டு பச்சைக் குழந்தைகள் மடிந்தது அந்தக் காலத்துச் சோகம். சுத்தமான கை, சுத்தமான இடம், சுத்தமான பிளேடு, சுத்தமான நூல், எதையும் பூசாத தொப்புள் என்ற ஐந்து சுத்தங்களும், கர்ப்பிணிகளுக்குப் போட்ட தடுப்பூசியும் அந்தச் சோகத்தை விரட்டின. தாயையும் சேயையும் தாக்கும் இரண ஜன்னியை இந்தியா ஒழித்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் அறிவித்தது.

இன்று நிலைமை வேறு. 2019-21-ல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேற்பட்ட பிரசவங்கள் ஆஸ்பத்திரியில்தான் நடக்கின்றன. கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து, புதுக்கோட்டைக்கு வெளியே முள்ளூரில் 2017-ல் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி வரை, அன்று மருத்துவச்சியின் கையில் இருந்த விதி இன்று நர்சுகளின் கைக்கு மாறியிருக்கிறது. ஆகவே அந்தக் கை எப்படி இருக்கிறது என்பது ஏதோ ஒரு குடும்பத்தின் கவலை அல்ல. மாவட்டம் முழுவதன் கவலை.

இந்தக் கவலையைப் பேசப் புதுக்கோட்டைக்கு உரிமையும் உண்டு. 1886-ம் ஆண்டு ஜூலை 30-ந் தேதி இந்த மண்ணில் பிறந்த முத்துலட்சுமி, பெண்களே படிக்காத மகாராஜா கல்லூரியில், ஆட்சேபங்களுக்கு நடுவே சேர்ந்து படித்தார். 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, எழும்பூர் ஆஸ்பத்திரியில் தாய்மார்களுக்கு வைத்தியம் செய்தார். அவர்தான் பிற்காலத்தில் அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரி கண்ட டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அவர் பிறந்த நாளை அரசு ஆஸ்பத்திரிகளில் மருத்துவமனை தினமாகக் கொண்டாடுவது என்று 2019-ல் தமிழக அரசு அறிவித்தது.

இனி, கைராசியின் ரகசியம் வெளிப்பட்ட ஊருக்குப் போவோம்.

இரண்டு வார்டுகள்

ஆஸ்திரியா நாட்டின் தலைநகரம் வியன்னா. அங்குள்ள பெரிய ஆஸ்பத்திரியில் பிரசவத்துக்கு இரண்டு வார்டுகள் இருந்தன. முதல் வார்டில் மருத்துவ மாணவர்கள் பயின்றார்கள். இரண்டாவது வார்டில் மருத்துவச்சிகள் பயின்றார்கள். ஒரு நாள் வருகிறவர்களுக்கு முதல் வார்டு, மறுநாள் வருகிறவர்களுக்கு இரண்டாவது வார்டு என்று முறை வைத்துச் சேர்ப்பார்கள்.

1846-ம் ஆண்டுக் கணக்கைப் பாருங்கள். முதல் வார்டில் 4,010 பிரசவங்கள்; இறந்த தாய்மார்கள் 459 பேர். இரண்டாவது வார்டில் 3,754 பிரசவங்கள். இறந்தவர்கள் 105 பேர். ஒரே ஆஸ்பத்திரி, ஒரே ஊர், ஒரே ஏழை ஜனங்கள். ஆனால் ஓரிடத்தில் நூற்றுக்குப் பதினொருவர் சாகிறார்கள். மற்றோரிடத்தில் மூன்று பேர்கூட இல்லை!

ஊர்ப் பெண்களுக்கு இது தெரிந்திருந்தது. முதல் வார்டில் சேர்க்கும் நாளாகப் போய்விட்டால், மண்டியிட்டு அழுது, "இரண்டாவதில் சேருங்கள்" என்று கெஞ்சுவார்களாம். வழியில் தெருவிலேயே பிள்ளை பெற்று வந்தவர்களுக்குக்கூட இந்தக் காய்ச்சல் அவ்வளவாக வரவில்லை. அப்படியென்றால் அந்த வார்டுக்குக் கைராசி இல்லை என்றுதானே அர்த்தம்?

அந்த வார்டில் உதவி டாக்டராக இருந்தவர் இக்னாஸ் செம்மல்வைஸ். ஹங்கேரி நாட்டு இளைஞர். அவருக்குத் தூக்கம் வரவில்லை. ஒவ்வொரு காரணமாக எடுத்துச் சோதித்தார். கூட்டம் அதிகமோ? இல்லை, இரண்டாவது வார்டில்தான் நெருக்கடி. தட்பவெப்பமோ? இரண்டுக்கும் ஒன்றே. இறக்கும் தறுவாயில் உள்ளவர்களுக்குப் பிரார்த்தனை செய்ய வரும் பாதிரியார், மணியடித்துக்கொண்டு முதல் வார்டின் வழியாகப் போகிறாரே, அந்த மணியோசையில் பெண்கள் மிரண்டு போகிறார்களோ? பாதிரியாரை வேறு வழியாக வரச் சொன்னார். சாவு குறையவில்லை.

1847 மார்ச் மாதம் ஒரு துயரம் நேர்ந்தது. செம்மல்வைஸின் நண்பரான டாக்டர் கொலெட்ச்கா, பிணப் பரிசோதனை செய்யும்போது மாணவர் ஒருவரின் கத்தி அவர் விரலில் பட்டது. சில நாளில் காய்ச்சல் கண்டு இறந்துபோனார். அவர் உடலைச் சோதித்த அறிக்கையைப் படித்த செம்மல்வைஸ் திடுக்கிட்டார். பிள்ளை பெற்ற தாய்மார்களைக் கொன்ற அதே நோய்!

புதிர் விடுபட்டது. மாணவர்கள் காலையில் பிணங்களை அறுத்துவிட்டு, அந்தக் கையோடு பிரசவ வார்டுக்கு வருகிறார்கள். மருத்துவச்சிகள் பிணத்தைத் தொடுவதில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

அந்த ஆண்டு மே மாத நடுவில், வார்டுக்குள் நுழைகிற எவரும் குளோரின் சுண்ணாம்பு கலந்த நீரில் கை கழுவ வேண்டும் என்று உத்தரவு போட்டார். ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டாக இருந்த சாவு, ஜூனில் இரண்டாகக் குறைந்தது. மறு ஆண்டான 1848-ல் 3,556 பிரசவங்களில் இறந்தவர்கள் 45 பேர். ராசி கெட்ட வார்டுக்கு ராசி வந்துவிட்டது!

கட்டிலுக்குக் கட்டில்

கதை இத்தோடு முடிந்தால், "எங்கள் நர்சுகள் பிணத்தைத் தொடுவதில்லையே, எங்களுக்கு என்ன?" என்று கேட்டுவிடலாம். 1847 அக்டோபரில் நடந்ததையும் கேளுங்கள்.

கருப்பையில் புற்று முற்றிச் சீழ் வடிந்த ஒரு பெண், முதல் வார்டின் முதல் கட்டிலில் படுத்திருந்தாள். டாக்டர்கள் வார்டுக்குள் வரும்போது கை கழுவினார்கள். ஆனால் அவளைப் பார்த்துவிட்டு அடுத்தடுத்த கட்டிலுக்குப் போகும்போது வெறும் சோப்புத் தண்ணீரோடு நிறுத்திக்கொண்டார்கள். அவளோடு சேர்ந்து பிள்ளை பெற்ற பன்னிரண்டு பேரில் பதினொரு பேர் இறந்தார்கள். செத்தவரிடமிருந்து மட்டுமல்ல, உயிரோடு இருப்பவரிடமிருந்தும் நோய் கையேறி வரும் என்பது அன்று தெரிந்தது. இனி ஒரு நோயாளிக்கும் மறு நோயாளிக்கும் நடுவிலும் குளோரின் நீரில் கை கழுவ வேண்டும் என்று செம்மல்வைஸ் கட்டளையிட்டார்.

இன்றைய நர்சுக்கு உரிய பாடம் இதுதான். ஆபத்து வாசலில் இல்லை. இந்தக் கட்டிலுக்கும் அடுத்த கட்டிலுக்கும் இடையே உள்ள மூன்றடி தூரத்தில் இருக்கிறது.

செம்மல்வைஸுக்கு மாலை மரியாதை கிடைத்ததா? இல்லை. "எங்கள் கையா கொலை செய்தது?" என்று பெரிய டாக்டர்கள் சினந்தார்கள். கிருமி என்ற ஒன்றை அப்போது எவரும் காட்டியிருக்கவில்லை. அவரும் தம் கணக்கைப் புத்தகமாக எழுதி வெளியிட 1861 வரை தாமதித்துவிட்டார். 1865-ல், நாற்பத்தேழாவது வயதில், ஒரு மனநோய் விடுதியில் அவர் மாண்டார்.

விளக்கா, கணக்கா?

நர்சுகளின் தாய் என்று போற்றப்படும் பிளாரன்ஸ் நைட்டிங்கேலை எல்லோருக்கும் தெரியும். 1854-ல் கிரிமியா யுத்தத்தின்போது, கையில் விளக்கேந்திக் காயம்பட்ட சிப்பாய்களிடையே நடந்தவர். ஆனால் அந்த விளக்கு மட்டும் சிப்பாய்களைக் காப்பாற்றவில்லை. அவர் போன பிறகும் ஆஸ்பத்திரியில் சாவு ஏறிக்கொண்டே இருந்தது. 1855 மார்ச்சில் சுகாதாரக் குழு ஒன்று வந்து, சாக்கடைகளைத் துப்புரவு செய்து, காற்றோட்டத்துக்கு வழி செய்த பிறகே சாவு இறங்கியது.

ஊர் திரும்பிய நைட்டிங்கேல் இந்தக் கணக்குகளை உட்கார்ந்து அலசினார். தாம் இராப்பகலாக உழைத்த இடத்தில் அசுத்தமே பலரைக் கொன்றது என்ற கசப்பான உண்மையை அவர் மறைக்கவில்லை. வண்ணப் படம் போட்டு அரசாங்கத்தின் முன் வைத்தார். நர்சுகள் அடிக்கடி கை கழுவ வேண்டும் என்று தம் நூலிலும் எழுதினார். அன்பு உள்ளம் மட்டும் போதாது, கணக்கும் வேண்டும் என்று காட்டியது அவருடைய பெரும் தொண்டு.

இன்று நர்சுக் கல்லூரிகளில் "சான்று வழிப் பணிவிடை" என்று ஒரு பாடம் சொல்லித் தருகிறார்கள். பெயர் பெரிது, விஷயம் எளிது. "எப்போதும் இப்படித்தான் செய்வோம்" என்பதற்காக ஒன்றைச் செய்யாதே. பலரிடம் சோதித்து, எண்ணிப் பார்த்து, பலன் உண்டு என்று தெரிந்ததைச் செய். அதோடு உன் அனுபவத்தையும் நோயாளியின் விருப்பத்தையும் சேர்த்துக்கொள்.

இப்படிச் சோதித்ததில் பல பழைய வழக்கங்கள் உதிர்ந்துவிட்டன. ஆபரேஷனுக்கு முன் சவரக் கத்தியால் மழிப்பது சுத்தம் என்று நெடுங்காலம் நம்பினார்கள். கத்தி தோலில் நுண்ணிய கீறல்களைப் போடுகிறது, கிருமி அங்கே குடியேறுகிறது என்று பிறகு தெரிந்தது. இப்போது அவசியமானால் முடியைக் கத்தரித்தால் போதும் என்கிறார்கள். வழக்கம் போயிற்று, நோயாளிக்கு நன்மை வந்தது.

தெரிந்தும் ஏன் செய்வதில்லை?

கை கழுவ வேண்டும் என்று தெரியாத நர்சு உலகத்தில் ஒருவர்கூட இல்லை. பிறகு ஏன் தவறுகிறது?

சுவிட்சர்லாந்தில் ஜெனீவா பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில் டாக்டர் திதியே பித்தே என்பவர் ஆட்களை ஓரமாக நிறுத்தி எண்ணச் சொன்னார். கை சுத்தம் செய்ய வேண்டிய தருணங்கள் எத்தனை? செய்தது எத்தனை? 1994-ல் நூற்றுக்கு நாற்பத்தெட்டுத் தடவைதான் செய்தார்கள். அதிலும் நர்சுகளைவிட டாக்டர்களே மோசம்! வேலை நெருக்கடி மிகுந்த இடத்தில்தான் மிகக் குறைவு.

அவர் யாரையும் திட்டவில்லை. காரணத்தைத் தேடினார். தொட்டிவரை நடந்து, சோப்புப் போட்டு, கழுவித் துடைத்து வர ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆகிறது. ஒரு மணி நேரத்தில் இருபது தடவை இப்படி நடந்தால் நோயாளியை யார் பார்ப்பது? ஆகவே ஆல்கஹால் கலந்த கைமருந்துப் புட்டியைக் கட்டிலருகே வைத்தார். 2020-ல் கொரோனா வந்தபோது நம் வீட்டுக் குழந்தைகளுக்குக்கூடப் பழக்கமான சானிடைசர்தான் அது. ஆஸ்பத்திரி ஊழியர்களைக் கொண்டே சுவரொட்டிகள் தயாரித்தார். எண்ணிய கணக்கை அவ்வப்போது அவர்களிடமே சொன்னார். 1997-ல் நாற்பத்தெட்டு அறுபத்தாறாக உயர்ந்தது. ஆஸ்பத்திரியில் வந்து தொற்றும் நோய்களோ, நூற்றுக்குப் பதினேழு என்ற அளவிலிருந்து பத்துக்கும் கீழே இறங்கின.

இந்த மருந்தின் செய்முறையை உலக சுகாதார நிறுவனம் எல்லா நாடுகளுக்கும் இலவசமாகக் கொடுத்திருக்கிறது. ஆல்கஹால், ஹைட்ரஜன் பெராக்சைடு, கிளிசரின், சுத்தமான நீர், அவ்வளவுதான். வானம் பார்த்த பூமியான புதுக்கோட்டை மாவட்டத்துக்கு இது ஒரு வரப்பிரசாதம். கோடையில் குழாய் வறண்டாலும் கட்டிலருகே புட்டி இருக்கும் அல்லவா?

"அடிக்கடி போட்டால் கை வெடித்துவிடும்" என்று நர்சுகள் அஞ்சுவது உண்டு. இதையும் சோதித்துவிட்டார்கள். கிளிசரின் கலந்த கைமருந்து, திரும்பத் திரும்பப் போடும் சோப்பைவிடத் தோலுக்கு இதமானதே. ஆனால் ஒரு எச்சரிக்கை. கையில் இரத்தமோ மலமோ அழுக்கோ கண்ணுக்குத் தெரிந்தால் சோப்பும் தண்ணீரும்தான் வேண்டும். பேதியை உண்டாக்கும் சில கிருமிகளின் வித்துகளையும் சானிடைசர் கொல்லாது.

ஐந்து தருணங்கள்

எப்போதெல்லாம் கை சுத்தம் செய்ய வேண்டும்? உலகம் முழுவதும் நர்சுகளுக்கு ஐந்து தருணங்களைச் சொல்லித் தருகிறார்கள். ஒரு கைவிரல்களில் எண்ணிவிடலாம்.

நோயாளியைத் தொடுவதற்கு முன் ஒன்று. ஊசி போடுதல், குழாய் செருகுதல், புண்ணுக்குக் கட்டுப் போடுதல் போன்ற சுத்தமான வேலைக்கு முன் இரண்டு. இரத்தம், சிறுநீர், சீழ் பட்ட பின் மூன்று. நோயாளியைத் தொட்ட பின் நான்கு. நோயாளியைத் தொடாவிட்டாலும், அவருடைய கட்டிலையோ விரிப்பையோ மேஜையையோ தொட்ட பின் ஐந்து.

சானிடைசரானால் இருபது முதல் முப்பது விநாடி. சோப்பானால் நாற்பது முதல் அறுபது விநாடி. உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, கட்டை விரல், நகக்கண் எதுவும் விடுபடக் கூடாது. மோதிரத்துக்கு அடியிலும் நீண்ட நகத்துக்கு அடியிலும் கிருமி சுகமாகக் குடியிருக்கும். பணிக்கு வரும்போது அவற்றை வீட்டில் விட்டு வருவதே நல்லது.

"நான்தான் கையுறை போட்டிருக்கிறேனே!" என்பது மிகப் பெரிய ஏமாற்று. கையுறை போட்டவரின் கையைத்தான் முக்கியமாகக் காக்கிறது. ஒரே உறையோடு நாலு கட்டிலைச் சுற்றினால், நாலாவது நோயாளிக்கு முதல் மூவரின் கிருமியும் இலவசம். உறையைக் கழற்றிய பிறகும் கை கழுவத்தான் வேண்டும்.

அலட்சியத்தின் விலை சிறிதல்ல. ஆஸ்பத்திரியில் சேருகிற நூறு பேரில், பணக்கார நாடுகளில் ஏழு பேருக்கும், மற்ற நாடுகளில் பதினைந்து பேருக்கும், வந்த இடத்தில் புதிதாக ஒரு தொற்றாவது ஏற்படுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2022-ல் கணக்குச் சொன்னது. நோய் தீர வந்தவர் நோயோடு திரும்புவதைவிடக் கொடுமை வேறென்ன?

அப்பத்தாவின் கை

நர்சை மட்டும் குறை சொல்லிப் பயன் இல்லை. நம் பக்கத்தில் ஒரு பெண் பிள்ளை பெற்றால் ஊரே வேனில் ஏறி வந்துவிடும். பஸ் கம்பியைப் பிடித்த கை, பழப்பையைத் தூக்கிய கை, வெற்றிலை மடித்த கை, எல்லாக் கைகளும் நேரே குழந்தையின் கன்னத்துக்குத்தான் போகும். "அப்பத்தா, கையைக் கழுவிட்டு வந்து பிள்ளையைத் தூக்குங்க" என்று நர்சு சொன்னால், "என் பேரனைத் தொட எனக்கென்ன சட்டம்?" என்று முகம் சுருங்கும். எடை குறைந்து பிறந்த குழந்தைக்கு அந்தக் கையே எமனாகலாம் என்பது அப்பத்தாவுக்குத் தெரியாது.

நர்சுகளுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. புட்டி காலியாக இருந்தால் யார் நிரப்புவது? குழாயில் தண்ணீர் வராவிட்டால் யாரிடம் சொல்வது? ஒரே நர்சு ஒரு வார்டு முழுவதையும் சுமந்தால் ஐந்து தருணங்களை எப்படிக் காப்பது? அரசு ஆஸ்பத்திரிகளின் சுத்தத்தை மதிப்பெண் போட்டுப் பரிசளிக்கும் "காயகல்ப்" திட்டத்தை மத்திய அரசு 2015-ல் தொடங்கியது. நல்ல காரியம். ஆனால் பார்வையாளர் வரும் நாளில் மட்டும் நிறைந்திருக்கும் புட்டியால் பிரயோஜனம் இல்லை. யாரும் பாராத நள்ளிரவு இரண்டு மணிக்கும் அது நிறைந்திருக்க வேண்டும்.

பழக்கம் மாறுமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு இந்த மாவட்டமே பதில் சொல்லும். 1991-ல் தொடங்கிய அறிவொளி இயக்கத்தின்போது, ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் இங்கே சைக்கிள் விடக் கற்றார்கள். உலகமே வியந்தது. பிரசங்கம் கேட்டா கற்றார்கள்? சைக்கிள் கைக்கு எட்டியது. பக்கத்து வீட்டுக்காரி ஓட்டினாள். கேலி செய்தவர்கள் ஓய்ந்தார்கள். கை சுத்தமும் அப்படித்தான் பரவும். புட்டி கைக்கு எட்ட வேண்டும். பெரிய டாக்டர் முதலில் தேய்க்க வேண்டும். கணக்கு எல்லோர் கண்ணிலும் பட வேண்டும்.

இன்னும் ஒன்று பாக்கி. கட்டிலில் படுத்திருப்பவர் வாய் திறக்க வேண்டும். "நர்சம்மா, கை கழுவினீங்களா?" என்று கேட்பது மரியாதைக் குறைவு என்று நாம் நினைக்கிறோம். வியன்னாவில் அந்தப் பெண்கள் மண்டியிட்டுக் கெஞ்சினார்கள். நாம் மண்டியிட வேண்டியதில்லை. சிரித்த முகத்தோடு கேட்டால் போதும். கேட்கப்பட்ட நர்சும் கோபித்துக்கொள்ள வேண்டாம். "இதோ, உங்கள் முன்னாலேயே தேய்க்கிறேன், பாருங்கள்" என்று சொல்லிவிட்டால், அந்த ஒரு வார்த்தையில் பாதி நோய் பறந்துவிடும்.

நம் பேச்சு வழக்கில் "கை கழுவி விட்டான்" என்றால் பொறுப்பை உதறிவிட்டான் என்று பொருள். ஆஸ்பத்திரியில் மட்டும் அதற்கு நேர்மாறான பொருள்: பொறுப்பை ஏற்றுக்கொண்டார் என்பது. நம் ஊர் நர்சம்மாவின் கைராசி அந்த இருபது விநாடியில்தான் இருக்கிறது.